நேஷனல் பெயிண்ட்ஸ் பக்கம் ட்ராஃபிக்

சாலிக் கணக்கு என் போனில் இருக்கிறது.
முப்பத்தேழு திர்ஹம்.
திங்கள் முப்பத்தேழு. செவ்வாய் முப்பத்தேழு.
ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகிற கார்
சுங்க வாசலைத் தொடாமல்
எந்த வழியாகப் போகிறது?

இரண்டாம் நாளே எனக்குத் தெரியும்.

ஆனாலும் விடிய எழுந்து சோறு வடித்தேன்.
பீன்ஸ் பொரியல், ரசம் தனி டப்பாவில்.
ஜெபசிங் சட்டையை அவரே தேய்த்தார்,
காலரை மட்டும் இரண்டு தடவை.
"வர்றேன்" என்றார்.
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.

மாலை ஆறே காலுக்கு வந்து
சாவியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு
"நேஷனல் பெயிண்ட்ஸ் பக்கம் ட்ராஃபிக்" என்றார்.
அது சாலிக் இல்லாத ரோடு.
யோசித்துத்தான் சொல்கிறார் மனிதர்.
அங்கே என்றைக்கும் ட்ராஃபிக்தான்,
ஆகவே பொய் என்றும் சொல்ல முடியாது.

டப்பாவைத் திறந்தேன்.
மிச்சமிருந்த ரசம் புளித்திருந்தது.
ஏசி ஓடும் ஆபீஸில்
ரசம் புளிக்காது.

ஹமீதாவிடம் சொன்னேன், லிஃப்ட் வருவதற்குள்.
ஹமீதா பெனாசிரிடம்,
பெனாசிர் ஏழாம் மாடி கோமதியிடம்.
ராத்திரிக்குள் நான்கு அடுப்படிக்குத் தெரியும்
என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை என்பது.
வெட்கமாக இருக்கவில்லை.
அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வந்தது,
ஜெபல் அலியில் ஒரு மேனேஜரின் நம்பர் வந்தது,
"இந்த ஆம்பளைங்களே இப்படித்தான்" என்பதும்
கூடவே வந்தது.
அவர் குளிக்கும்போது லேப்டாப்பைத் திறந்து
அவருடைய சிவியை மூன்று இடத்துக்கு அனுப்பினேன்.
அனுபவம் பதினாறு வருடம் என்று இருந்ததை
பதினேழு என்று திருத்தினேன்.
அதுகூட எனக்குத்தான் ஞாபகம்.

ஏழாம் நாள் அல் கான் பக்கம்
மருந்து வாங்கப் போனேன்.
மருந்து ஒரு சாக்கு.
தண்ணீரைப் பார்த்து நின்றது எங்கள் கார்.
சீட்டைச் சாய்த்து, ஷூவைக் கழற்றி,
டாஷ்போர்டில் காலை வைத்திருந்தார்.
காலுறை இரண்டும் ஸ்டியரிங்கில் காய்ந்தன.
தூங்குகிறாரா என்று தெரியவில்லை.
கதவைத் தட்டினால் என்ன சொல்வார்?
தட்டாவிட்டால் நான் என்ன?
வெயில் செருப்புக்குள் ஏறியது.
டாக்ஸி பிடித்துத் திரும்பிவிட்டேன்.

போன வருடம் என் மார்பில் ஒரு கட்டி.
மூன்று வாரம் அவரிடம் சொல்லவில்லை.
ஹமீதாவுக்குத் தெரியும், கோமதிக்குத் தெரியும்.
ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்த பிறகு
அவர் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.
"தெரியும்" என்றார்.
"கார்ல பெல்ட்டை ஒதுக்கி ஒதுக்கி விட்டுக்கிட்டே இருந்த."
கேட்டிருக்கலாமே என்று கத்தினேன்.
"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."
அன்றைக்கு ராத்திரி
கல்லோடு குடும்பம் நடத்துவதாக நினைத்தேன்.
அந்த மூன்று வாரமும்
ஒரு வேகத்தடையில்கூட கார் குலுங்கவில்லை என்பது
அல் கானிலிருந்து திரும்பும் டாக்ஸியில்,
டிரைவர் ஒரு மேட்டில் தூக்கிப் போட்டபோதுதான்
உறைத்தது.

நான் ஊருக்கெல்லாம் சொல்லி
அவரிடம் மட்டும் மறைக்கிறேன்.
அவர் ஒருவரிடமும் சொல்லாமல்
பிரேக்கை மெதுவாக அழுத்துகிறார்.
எது ஆண், எது பெண் என்று
கோமதி பிரித்துச் சொல்வாள், அவளுக்கு நேரம் இருக்கிறது.
எனக்கு அரிசி களைய வேண்டும்.

ஒன்பதாம் நாள் சாப்பிடும்போது
எதையோ சொல்ல வாயெடுத்து
உப்பு கேட்டார்.
ஏதோ கால் வந்திருக்கிறது.
நம்பர் எப்படிக் கிடைத்தது என்று குழம்புகிறார்,
குழம்பட்டும்.

மறுநாள் காலரை மூன்று தடவை தேய்த்தார்.
பத்து மணிக்குப் போனைத் திறந்தேன்.
முப்பத்தொன்று.
அடுப்பை அணைத்துவிட்டு
கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை வந்தார்.
"நேஷனல் பெயிண்ட்ஸ் பக்கம் ட்ராஃபிக்."
"அங்க எப்பவும் அப்படித்தானே" என்றேன்.
முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
ரசம் சொல்லுமே என்று டப்பாவைத் திறந்தேன்.

கழுவி, துடைத்து வைத்திருந்தார்.