கடல் கொடுத்த சில்லறை

ஆறு நாளும் என் கையில்
பீப் பீப் என்று கத்துகிற இயந்திரம்.
பால், சோளமாவு, சோப்பு, நாய் பிஸ்கட்,
எல்லாவற்றுக்கும் எங்கோ ஓர் ஓரத்தில்
கறுப்புக் கோடுகள்.
ஞாயிற்றுக்கிழமை டர்பன் கடற்கரையிலும்
அந்தக் கை சும்மா இருப்பதில்லை.
கெருஷா பொறுக்கி வந்த சிப்பியைத்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து வர ஊற்றிய பெட்ரோல்
இலவசம் இல்லை, தெரியும்.
காருக்குக் காவல் நிற்கிற காங்கோக்காரருக்கு
ஐந்து ராண்ட். அதுவும் கணக்கில் உண்டு.
அதற்கப்புறம்
எங்கேயும் கல்லாப்பெட்டி இல்லை.

காலையில் தாவரத் தோட்டம்.
குளத்து மரத்தில் கூழைக்கடாக்கள்
ஒரே கிளைக்கு அடித்துக்கொண்டிருந்தன.
உள்ளே வர எவ்வளவு என்று
வெளியூர்ப் பெண் ஒருத்தி கேட்டாள்.
"ஒன்றும் வேண்டாம், தாராளமாகப் போங்கள்" என்றார் சுகேந்திரன்,
அத்தனை மரத்தையும் தானே நட்டவர் போல.
செருப்புத் தொழிற்சாலை மூடி ஏழு மாதம்.
கொடுப்பதற்கு ஏதாவது அகப்பட்டால்
இப்படித்தான், விடமாட்டார்.

மதியம் பிளாஸ்க் தேநீர்,
பீன்ஸ் கறி வைத்த ரொட்டி,
மணல் ஒட்டிய கடைசித் துண்டுக்குச் சண்டை.
அப்போதுதான் மணியடித்துக்கொண்டு
ஐஸ்கிரீம் வண்டி வந்தது.
நான் பர்ஸைத் தொடுவதற்குள்
தேஷன் கத்தினான்:
"அங்கே பார், கப்பல்!"

கப்பல் இல்லை.
வெறும் தண்ணீர். தொலைவில் ஒரு மேகம்.
தங்கையின் தலையை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தபடி
வண்டி தாண்டிப் போகும்வரை
இல்லாத கப்பலின் கொடிக்கு
நிறம் சொல்லிக்கொண்டிருந்தான்.
ஒன்பது வயது.
யார் சொல்லிக்கொடுத்தது இதை?
நான் இல்லை.
நான் இல்லை என்று
இரண்டாம் முறையும் சொல்லவேண்டியிருந்தது.

நிஜக் கப்பல் நாலரைக்கு வந்தது.
துறைமுக வாயிலில், இவ்வளவு பக்கத்தில்,
ஒரு தெருவே பெயர்ந்து நகர்வது போல.
மேல்தட்டில் ஆரஞ்சு உடுப்பில் ஓர் ஆள்.
நால்வரும் கையசைத்தோம்.
அவன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்,
எங்களில் யாரையோ தெரிந்தவன் மாதிரி.
கிரேன்களுக்குப் பின்னால் அது மறைந்த பிறகும்
கெருஷா கையை இறக்கவில்லை.

பார்த்துக்கொண்டே நின்றதில்
கழற்றி வைத்த செருப்பு ஒன்றை
அலை கொண்டுபோனது. சுகேந்திரனுடையது, வலது கால்.
முழங்கால் நனைய நெடுநேரம் தேடினோம்.
கடைசியில் பாசி சுற்றி ஒரு செருப்பு
கரையில் வந்து விழுந்தது.
யாருடையதோ.
அதுவும் இடது கால்.

"மீதிச் சில்லறைப்பா!" என்று
தேஷன் மணலில் புரண்டு சிரித்தான்.

சுகேந்திரன் அதைக் கவிழ்த்தார்,
அடியை வளைத்துப் பார்த்தார்.
"நம்ம சரக்கு இல்லை" என்றார்.
கொஞ்சம் கழித்து
"ஒட்டு நல்லா இருக்கு" என்றும் சொன்னார்.
போட்டுக்கொண்டார்.

இரண்டு இடது கால்களோடு
கார் நிற்கும் இடம்வரை
ஒரு பக்கமாகவே சாய்ந்து நடந்தார்.
பின்னால் பிள்ளைகள், அதே சாய்வில்.
ஈரத் துண்டுகளைச் சுமந்துகொண்டு
நானும்.