கழித்தல் கணக்கு

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
விமானம் எத்தனை மணிக்கு?
பெயரைப் பிறகு கேட்டுக்கொள்வேன்.

இரவு ஏழு நாற்பது என்றார் யோஸ்ட்.
வால்பரைசோ துறைமுக வாசலில்
நாலு பெட்டி, ஒரு மனைவி,
பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அட்டவணை.
பதினோரு இடங்கள்,
எதிரே நிமிடக் கணக்கு.
சாப்பாட்டுக்கு இருபது.
ஒன்றுக்குப் போக நேரமே ஒதுக்கவில்லை.

மணி அப்போது ஒன்பது.
வண்டி முகப்பில் காகிதத்தை விரித்தேன்.
விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக, கழி.
சாலைக்கு ஒன்றரை, கழி.
இன்று ஞாயிறு,
கடல் பார்க்க வந்த சந்தியாகோ முழுதும்
மதியத்துக்கு மேல் வீடு திரும்பும்,
இன்னும் ஒன்று கழி.
இருபது நிமிடத்தில் எங்கள் ஊரில்
மேசைக்குத் தண்ணீர்கூட வராது,
சாப்பாட்டுக்கு ஒன்று.
மிச்சம் நாலு மணி பத்து நிமிடம்.

"மூடுபனிக்கு எவ்வளவு?" என்றார் வீட்ஸ்கே.
அதுவரை பேசாமல் இருந்தவர்.
அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

முதல் மலையேறும் பெட்டி பழுது.
அடுத்த மாதம் திறக்கும் என்ற பலகை
ஆறு வருடமாகத் தொங்குகிறது.
இரண்டாவது குன்றில் ஏறி நின்று
வெண்மையைச் சுட்டினேன்:
விரிகுடா அங்கே இருக்கிறது.
யோஸ்ட் வெண்மையைப் படம் எடுத்தார்.
பார்த்தாயிற்று என்று கோடும் போட்டார்.

மூன்றாவது குன்றின் படிக்கட்டில்
வீட்ஸ்கே சுவரைப் பிடித்துக்கொண்டார்.
தரை ஆடுகிறது என்றார்.
பதினாறு நாள் கடல்
கால்களை விட்டு இன்னும் இறங்கவில்லை.

ஜன்னலில் மேசைவிரிப்பை உதறிய
எதுவிகிஸ் எட்டிப் பார்த்தாள்.
"கப்பல்காரியா?"
கேட்டுக்கொண்டே முக்காலியோடு வெளியே வந்தாள்,
எலுமிச்சை பிழிந்த ஒரு கண்ணாடி டம்ளரோடும்.
"ஆடாத எதையாவது பார்க்கச் சொல், நிபால்தோ."
சொன்னேன்.

சொல்லிவிட்டுத் தேடினால்
கொடியில் துணி ஆடுகிறது,
மின்கம்பி ஆடுகிறது,
தூண்களில் தொற்றி நிற்கும் வீடுகளை
நானே நம்புவதில்லை.
நாய் ஒன்று வந்து அவர் முழங்காலில் சாய்ந்தது,
அதன் வாலும் சும்மா இல்லை.
வாசலோரம் இருந்தது ஒரு சமையல் எரிவாயு சிலிண்டர்,
மஞ்சள் நிறம், கழுத்தில் துரு.
அதைப் பார்க்கத் தொடங்கினார்.

பத்து நிமிடம்.
யோஸ்ட் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கீழே இன்னும் எட்டு இடங்கள்.
இருபது நிமிடத்தில் அவரும் படியில் உட்கார்ந்தார்.
அப்புறம் மூன்று பேருமாகச்
சிலிண்டரைப் பார்த்தோம்.
நாய் தூங்கிவிட்டது.

வண்டிக்குத் திரும்பியதும்
அந்தப் படிக்கட்டின் பெயர் கேட்டார்.
பெயர் இருக்கும், எனக்குத் தெரியாது.
அட்டவணையின் ஓரத்தில் எழுதினார்:
சிலிண்டர், நாற்பது நிமிடம்.

வறுத்த மீனைச் சாப்பிட்டுக் கிளம்பினால்
சாலை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.
கசாபிளாங்காவின் திராட்சைத் தோட்டங்கள் வந்தன, போயின.
இரண்டு சுரங்கத்திலும் எங்களுக்கு முன்னால் ஆளே இல்லை.
பாதுகாப்புக்காகக் கழித்த ஒரு மணி நேரம்
கழியாமல் கையில் நின்றது.
"இதை என்ன செய்வது?" என்றார் வீட்ஸ்கே,
பெட்டிமேல் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டு.
வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கியிருப்பேன்.

திரும்பும் வழியில் பனி விலகியிருந்தது.
விரிகுடா முழுதாக, வெட்கமே இல்லாமல்,
காலையில் அவர்களை இறக்கிய கப்பலில்
புதுப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.
பின் இருக்கையில் எதுவோ உருண்டது.
எதுவிகிஸின் டம்ளர்.

கொடுக்கப் படியேறினேன்.
வாசலில் சிலிண்டரை மாற்றியிருந்தார்கள்.
இது சாம்பல் நிறம்.