உதடு ஒட்டும் இடங்கள்

அத்தியாயம் பதினாலு, நிமிஷம் மூணு.
ரோஜா நிறத் தாடிக்காரன் வேனிலிருந்து இறங்குகிறான்.
வேன் முழுக்கப் பூ. அவன் காதிலும் ஒன்று.
இரண்டு விரலைத் தூக்கிச் சொல்கிறான்: பீஸ், மேன்.
முகம் தெரியாத கூட்டம் பின்னால் சிரிக்கிறது.

நான் காசிமேட்டில், ஐஸ் பார் உடைக்கும் சத்தத்துக்கு மேல்மாடியில்,
ஹெட்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டு
அந்தச் சிரிப்புக்குத் தமிழ் தேடுகிறேன்.
நிமிஷத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
சிரிப்புக்குத் தனியாகக் கிடையாது.

போருக்குப் போகமாட்டேன் என்றவன்.
முடி வெட்டமாட்டேன் என்றவன்.
இப்போது வயசாகி, வங்கியில் இருக்கும் மகன் வீட்டுக்
கார் ஷெட்டில் படுத்துக்கொண்டு
தொட்டிச் செடியிடம் மன்னிப்புக் கேட்கிறான்.
வரைந்தவர்கள் அவனை நேசிக்கிறார்களா, கலாய்க்கிறார்களா,
இத்தனை பார்த்தும் பிடிபடவில்லை.

காதில் பூ
அங்கே சமாதானம்.
இங்கே அவனை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்.
பீஸ் என்றால் பிரியாணியில் வருவது.
விரலுக்கு என்ன செய்ய?
துணி காயப்போட வந்த வேதவல்லி திரையை எட்டிப் பார்த்து
"இன்னாக்கா, எலைக்கு ஓட்டு கேக்குறானா?" என்றாள்.
மொத்தம் நாலே விரல் அவனுக்கு.
அதில் பாதியைத் தூக்கி நின்றவனைக்
கட்சியில் சேர்த்துவிட்டாள்.
அன்று கூட்டத்துக்கு முன்னால் நான் சிரித்தேன்.

நிமிஷம் ஒன்பதில் அவனுக்கு ஒரு பழைய ஞாபகம்.
மழை, வயல், மேடை, கண்ணுக்கெட்டியவரை தலைகள்.
சேற்றில் சறுக்கி விளையாடுகிறார்கள்.
எந்த வயல், எந்த வருஷம் என்று
தெரிந்தவனுக்குத்தான் அந்தச் சிரிப்பு.
சேறு எங்களுக்கும் தெரியும்.
ஒரு டிசம்பரில் புளியந்தோப்புக்குப் படகில் பால் பாக்கெட் வந்தது.
கிட்டார் வரவில்லை.

நிமிஷம் பதினேழு.
மேலாளர் விருந்துக்கு வருகிறார் என்று
தூங்கும் தகப்பன் தலையை மகன் கத்தரிக்கிறான்.
எழுந்தவன் பிடரியைத் தடவிப் பார்க்கிறான்.
பதினொரு விநாடிச் சிரிப்பு.
அங்கே நிறுத்திவிட்டேன்.

கீழே ஐஸ் உடைக்கிறவன் மகிமைதாஸ்.
போன ஆடியில் வண்டி சோதனை என்று
ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள்.
தோள்வரை முடி, நுனியில் செம்பட்டைச் சாயம்.
எதையும் எதிர்த்து வளர்த்ததில்லை.
வளர்ந்தது, நன்றாயிருந்தது, வைத்துக்கொண்டான்.
ஃபைல் நாடா வெட்டுகிற கத்தரிக்கோல்.
திரும்பி வந்தபோது
இடது பக்கம் மட்டும் மிச்சமிருந்தது.
தெருவில் ஒருவர் வக்கீல் என்றார், ஒருவர் வீடியோ எடுத்தார்.
அவன் கோணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
ஒரே சொல் சொன்னான்:
போவட்டும்.

போ. ஒட்டித் திறக்கிறது உதடு.
ட்டும். மறுபடி ஒட்டுகிறது.
தாடிக்காரன் வாயில் வைத்துப் பார்த்தேன்.
பீஸுக்கு மேல் போ, மேனுக்கு மேல் ட்டும்.
அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

ஷைலஜா மேடம் போனில் வந்தார்.
"குழந்தைங்க பாக்குறது. மெட்ராஸ் பாஷை வேணாமே.
அமைதி நண்பான்னு போட்டுடுங்க."
அமைதி திறந்த வாயில் தொடங்குகிறது,
அவன் வாய் மூடியிருக்கிறது என்றேன்.
"யார் பாக்கப்போறா" என்றார்.
போட்டுவிட்டேன். கரண்ட் பில் இருந்தது.

ஆனால் நிமிஷம் பதினேழில்
அவன் முதுகைத்தான் காட்டுகிறார்கள்.
முதுகு தெரிந்தால் எந்த வசனமும் செல்லும், இது தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.
மூலத்தில் அங்கே பேச்சே இல்லை.
சிரிப்புக்கு அடியில், எட்டாவது விநாடியில்,
அந்த ஒரு சொல்லைத் தட்டினேன்.
குரல் கொடுத்தவர் கேள்வி கேட்காமல் படித்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை பத்தரைக்கு ஒளிபரப்பு.
மகிமைதாஸ் வீட்டில்
அந்தச் சானல் வராது.