எட்டாவது ஆள்

எட்டுப் பேர் சேராவிட்டால் நடை இல்லை,
கம்பனியின் சட்டம்.
ஏழு பேர் குடையோடு நின்றார்கள்.
எட்டாவது பெண்மணிக்கு ராத்திரி தின்ற கொத்து
ஒத்துக்கொள்ளவில்லையாம்,
ஹோட்டலில் படுத்திருக்கிறாள்.
யேசுராஜ் என்னைப் பார்த்தான்.
எனக்கு லீவு நாள், பையில் அரைக்கிலோ லீக்ஸ்.
"அக்கா, சும்மா கூட நடங்க. தலைக்கணக்குக்குத்தான்."
ஜம்பரின் மேல் ஒட்டிவிட்டான்:
ஹெல்கா.

பதினோரு வருசம் இந்த ஊர்த் தபால் கந்தோரில்
கடிதம் பிரிக்கிறவள் நான்.
ஹெல்காவாக
நுவரெலியாவை முதல்முறை பார்க்கப் போனேன்.

ஏரியை அவன் ஆங்கிலத்தில் சொன்னபோது
கொஞ்சம் ஆழமாகத்தான் இருந்தது.
ரேஸ் மைதானத்துக் குதிரையை
ஓய்வுபெற்ற வீரன் என்றான்.
எனக்குத் தெரியும் அதை.
கச்சான் வண்டியைக் கவிழ்த்துவிட்டு
போலீஸ் வளவில் ஒரு பகல் கட்டிக் கிடந்தது.
ஏழு பேரும் தடவிக்கொடுத்தார்கள்.
நானும் தடவினேன்,
ஹெல்கா தடவியிருப்பாள்.

பூங்கா வேலியோரம் ஒரு பேய்க்கதை:
வெள்ளைக்காரத் துரைசானி, மழை, கைவிளக்கு.
போன மாசம் அதே துரைசானி
பாங்க் வாசலில் அலைந்ததாகக் கேள்வி.
மழைக்கு ஒதுங்க இடமிருக்கும் பக்கமாய்
மாறிக்கொள்வாள்போல.

ஹெல்காவின் புருசன் நெட்டை, காது மந்தம்.
தன் ஊரிலும் இப்படி நடை உண்டு என்றார்.
எண்ணூறு வருசத்துச் சுவர், சுவருக்குள் ஊர்.
அந்தி சாய்ந்ததும் லாந்தரோடு ஒருவன்
கொள்ளைநோயில் செத்தவர்களைக் கணக்குச் சொல்லித்
தெருத்தெருவாய்க் கூட்டிப்போவானாம்.
நாற்பது வருசம் அங்கே குடியிருந்தும்
அந்த நடைக்குத் தான் போனதே இல்லை என்றார்.
பிறகு யேசுராஜிடம்:
"உங்கள் ஊர்ச் சுவர் எங்கே?"

மனப்பாடம் செய்த தாளில் அந்தக் கேள்வி இல்லை.
யேசுராஜ் மலையைக் காட்டினான்.
மலை அப்போது மூட்டத்துக்குள் இருந்தது,
அதனால் எல்லோரும் நம்பினார்கள்.

எனக்கு ஒரு கேட் ஞாபகம் வந்தது.
சுவர் கிடையாது. இரண்டு பக்கமும் தேயிலை,
ஆடு போகும், மழைத்தண்ணி போகும்.
நடுவில் மட்டும் இரும்புக் கேட், ஒரு வாச்சர், ஒரு கொப்பி.
அத்தை வந்தால் அத்தையின் பெயர்,
எத்தனை மணி, எந்த லயம், எதற்கு.
யேசுராஜும் அந்தக் கொப்பியில் இருப்பான்,
அடுத்த டிவிசன்காரன்.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கடைசி நிறுத்தம் எங்கள் கந்தோர்.
சிவப்புச் செங்கல், கூர்க்கூரை, மணிக்கூடு.
மணிக்கூட்டைப் பற்றி அவன் சொன்னது அவ்வளவும் பொய்.
நல்ல பொய். அண்ணாந்து பார்த்தேன்.
பதினோரு வருசமாய்ப் பின்வாசலால் போய் வருகிறேன்,
முன்பக்கம் இத்தனை வடிவென்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

கவுண்டரில் மல்காந்தி.
என் நெஞ்சை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.
"யெஸ் மேடம்."
முத்திரையைக் கிழித்துக் கொடுத்து
மிச்சத்துக்குச் சில்லறை இல்லையென்று
வழக்கம்போல் கைவிரித்தாள்.

ஹெல்காவின் புருசன் நின்றபடியே
ஒரு போஸ்ட்கார்டு எழுதினார்.
முகவரியில் இரண்டு பெயர்: அவரும் ஹெல்காவும்.
"நாங்கள் வீடு போய் மூன்று கிழமைக்குப் பிறகு
இது வந்து சேரும்," என்றார்,
"அப்போது எங்களுக்கும்
யாரோ எழுதியிருப்பார்கள்."

யேசுராஜ் ஸ்டிக்கரைத் திருப்பிக் கேட்டான்,
கம்பனிக்குக் கணக்குக் காட்ட வேணுமாம்.
உரித்தபோது
ஜம்பரின் நூல் கொஞ்சம் ஹெல்காவோடு போனது.

நாளைக் காலை எட்டேகாலுக்கு
அந்தக் கார்டு என் மேசைக்கு வரும்.
அவருடைய ஊரை எனக்குத் தெரியும்:
ஐந்து இலக்கம், பிறகு 'பூர்க்' என்று முடியும் ஒரு சொல்,
இடப்பக்கம், மேல்தட்டு.
குத்துவேன், போடுவேன்.

படத்தில் எங்கள் கந்தோர், நல்ல வெயிலில்.
கீழ்வரிசையில் மூன்றாவது ஜன்னல் என்னுடையது.
உற்றுப் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால்
ஒருத்தி குனிந்திருப்பது தெரியும்.
நான் இல்லை அது.
இப்படி வெயிலடித்த நாளென்றால்
லீவு போட்டிருப்பேன்.