அடுத்த ஷிப்ட்டுக்காரன்

அனுப்பர்பாளையத்துக்குப் பின்னால்
தகரக் கூரைக்கடியில் பதினாலு நிட்டிங் மெஷின்.
காலை எட்டுக்கு ஏறும்போதெல்லாம்
ராத்திரிக்காரன் கோகுலவாசனைத்
திட்டிக்கொண்டேதான் ஏறுவேன்.
"ஏனப்பா, பஞ்சை ஊதிவிட ரெண்டு நிமிசம் ஆகுமா?"
ஊசிக்காடியில் பஞ்சு அடைந்திருக்கும்.
எண்ணெய் டப்பா காய்ந்து கிடக்கும்.
நோட்டில் மட்டும் முத்து முத்தான எழுத்தில்
'எல்லாம் சரி.'

அவன் விட்டுப்போனதுக்குத்
துணியில் கோடு விழும், என் நேரத்தில்.
வசவும் எனக்கு.

ஐப்பசியில் கம்பெனியில் முகாம் போட்டார்கள்.
கட்டிங் டேபிளை ஒதுக்கி உட்கார்ந்த நர்ஸ்
கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து,
இறக்கி, மறுபடி அடித்தாள்.
"வயசு?"
"இருபத்தொம்பதுங்."
"நூத்தம்பதுக்கு நூறு. அப்பாவுக்கு இருக்கா?"
"அவருக்குப் பார்த்ததே இல்லைங்."
"டெலிவரி டென்சன் மேடம்" என்று சிரித்தார் சூப்பர்வைசர்.
அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம்
மூணாம் நம்பரில் ஊசி மாற்றிக்கொண்டிருந்தேன்.
ஜெர்மன் ஊசி. டப்பா நிறைய இருக்கும்.
முட்டிக்கு இப்படி டப்பா கிடையாது
என்பது எல்லாருக்கும் தெரியும்.
எனக்குத் தோன்றியது வேறு.

இந்த உடம்பில்
எனக்கப்புறம் ஒருத்தன் ஷிப்ட் ஏற வருவான்.
அறுபத்தெட்டு வயசு.
முடி இருக்குமோ என்னவோ.
பேர் மட்டும் தங்கவடிவேல், என் பேர்.
மாடிப்படி நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே
நோட்டைப் புரட்டுவான்.

ராத்திரி ரெண்டு மணி முட்டைப் பரோட்டா,
உதட்டுக்கடியில் ஒதுக்கின பொட்டலம்,
ஒண்ணுக்குப் போனால் நூல் அறுந்துவிடுமே என்று
குடிக்காமல் அடக்கின தாகம்,
போனைத் தேய்த்தே விடிந்த விடியல்கள்.
ஒன்றையும் எழுதாமல்
'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டிருப்பேன்.
அவன் என்னை எப்படித் திட்டுவான் என்று
எனக்குத் தெரியும்.
அதே வார்த்தைகள்தான்.

பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.
பொட்டலத்தை விட்டேன், பதினோரு நாள்.
தீபாவளிக்கு மறுபடி.
தையில் திரும்ப விட்டதில் இது ஏழாவது வாரம்.
டாக்டர் எழுதின மாத்திரையை
டிபன் டப்பா மூடியிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.
ரூமில் கொள்ளுப்பருப்பு கடையும் முத்தழகு,
உப்பைக் குறைக்கச் சொன்னதுக்குக்
"கல்யாணமானவனாட்டப் பேசறே" என்றான்.
ஞாயிற்றுக்கிழமை நொய்யலோரம் நடக்கிறேன்.
பாலம் வரை மூக்கைப் பொத்திக்கொண்டு,
பாலம் தாண்டினால் பொத்தாமல்.
ரெண்டாம் மாடிக்கு லிப்ட் இருக்கிறது.
அதில் துணி போகட்டும்.

மெடிக்கலில் போன வாரம் அளந்தேன்.
நூத்தி முப்பத்தெட்டு.
இன்னும் கொஞ்சம் இறங்கணுமாம்.

நேற்றுச் சாயங்காலம் எட்டுக்குக்
கோகுலவாசன் ஈரத்தலையோடு வந்தான்.
அவனுக்கு நான் விட்டுப்போகிற மெஷினை
அப்போதுதான் பார்த்தேன்.
இத்தனை வருசத்தில் அன்றைக்குத்தான்.
ஊசிக்காடி முழுக்கப் பஞ்சு.
என் பஞ்சு.

காற்றுக் குழாயை எடுத்து ஊதினேன்.
நோட்டில் எழுதினேன்:
'மூணில் நாலு ஊசி மாற்றியிருக்கு.
ஏழில் லேசாகச் சத்தம். கவனிக்கவும்.'

படித்துவிட்டு என்னையே பார்த்தான்.
"என்னாச்சுங்ணா?"

"ரெண்டு நிமிசம்தான் ஆச்சு."