இரண்டு வாரக் கணக்கு

ஈசூன் பலதுறை மருந்தகம்.
வரிசை எண் நாலாயிரத்து முப்பத்தேழு.
நூலில் கட்டிய பேனா, ஒன்பது கேள்வி,
பூஜ்யத்திலிருந்து மூன்றுக்குள் ஒரு வட்டம்.

செனோக்கோ குளிர்கிடங்கில்
மீன் பெட்டி எண்ணுகிறவள் நான்.
கழித்தல் பதினெட்டில் ஒரு பெட்டி குறைந்தாலும்
முதலிலிருந்து எண்ணவேண்டும்.
இங்கே யாரும் திரும்ப எண்ணச் சொல்வதில்லை.

கடந்த இரண்டு வாரத்தில் என்று ஆரம்பம்.
எனக்கது
ஏழு இரவு வேலை, நான்கு எம்சி,
மிச்சம் மூன்று நாள் எங்கே போனதென்று தெரியாது.

தூக்கம் குறைவா, கூடுதலா?
இரண்டையும் ஒரே வரியில் போட்டவர்
இரவு ஷிஃப்ட் பார்த்திருக்கமாட்டார்.

தமிழ்த்தாள்தான் வேண்டுமென்று கேட்டு வாங்குவேன்.
ஆங்கிலத்தில் போட்டால்
எனக்கு இரண்டு மதிப்பெண் குறைகிறது.
அதில் பதில் சொல்வது
நேர்முகத் தேர்வுக்குப் போன தவமலர்.
தமிழில் 'நாட்டமின்மை' என்று இருக்கிறது.
பள்ளி முடித்தபின் அந்தச் சொல்லை
இந்தத் தாளில்தான் பார்த்தேன்.
பார்த்ததும் மூன்று போட்டேன்.

முதல் தடவை பத்தொன்பது.
மிஸ் குவெக் ஒன்றும் சொல்லாமல்
தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார்.
அடுத்தது பதினாறு.
மூன்றாம் தடவை எட்டு.
அந்த எட்டு பொய்.
கணினித் திரையில் கோடு இறங்குவதைப் பார்க்க
அவருக்கும் ஆசை இருக்கும் இல்லையா?
பாவம், என்னைப் போல் எத்தனை பேர்.
அவர் கோட்டைப் பார்த்தார்,
பிறகு என் நகங்களைப் பார்த்தார்,
"சரி, இரண்டு வாரம் கழித்து வாங்க" என்றார்.

ஒன்பதாவது கேள்வியை எப்போதும்
முதலில் முடித்துவிடுவேன்: பூஜ்யம்.
விருந்தாளி வருமுன்
ஓர் அறைக் கதவைச் சாத்துவதுபோல.

இன்று கடைசியில் போட்டேன்.
ஒன்று.

மிஸ் குவெக் தாளைக் கீழே வைத்தார்.
கூட்டிப் பார்க்கவில்லை.
என்றைக்கு, என்று கேட்டார்.
செவ்வாய்க்கிழமை.
மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது.
அப்புறம்?
அப்புறம் மின்தூக்கி வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்,
சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது.
முக்கால் மணி நேரம் பேசினோம்.
இரவு எந்நேரமும் அழைக்கலாமென்று ஓர் எண்ணை
அவர் சொல்லச் சொல்ல
என் கைப்பேசியில் என் விரலாலேயே பதிந்தேன்.
பெயருக்கான இடத்தில் என்ன போடுவது?
'மின்தூக்கி' என்று போட்டேன்.

மொத்தம் பதினான்கு.
கோடு மேலே ஏறிவிட்டது.
"இதை வைத்துக்கொண்டு என்னால் வேலை செய்யமுடியும்" என்றார்.

அடுத்த சந்திப்பு பதினாறாம் தேதி, காலை பத்தேகால்.
ஷிஃப்ட் மாற்ற ரோஸ்மினாவிடம் கேட்கவேண்டும்.
என்ன காரணம் சொல்வது?
பல்வலி, பாஸ்போர்ட், தண்ணீர்க்குழாய் வெடித்தது,
858 வரும்வரை யோசித்தேன்.
ஏறி உட்கார்ந்து
உள்ளதையே எழுதி அனுப்பினேன்.

செம்பவாங் தாண்டும்வரை பதில் இல்லை.
பிறகு வந்தது:
ஒரு கட்டைவிரல்.
கூடவே, ஏனோ, ஒரு மீன்.