லைன்ல இருக்கேன்

நவம்பர் வந்தால் அப்பா
உயிரோடிருப்பதை நிரூபித்தாக வேண்டும்.
பட்டாபிராம் வங்கிக் கிளை, டோக்கன் முப்பத்தெட்டு.
மின்விசிறிக்குக் கீழே காலியிடம் இருக்கிறது. உட்காரமாட்டார்.
வாசல் தெரிகிற, சுவரோர நாற்காலிதான் வேண்டும்.
அதிலிருப்பவர் எழும்வரை நின்றுகொண்டிருக்கிறார்.

கட்டைவிரலை வைக்கச் சொல்கிறாள் கவுன்டர் பெண்.
சிவப்பு விளக்கு.
துடைச்சிட்டு வையுங்க சார்.
சிவப்பு.
ஆள்காட்டி விரல்?
அதன் நுனியைப் பனி தின்று இருபத்தைந்து வருஷமாகிறது.
நான் சொல்லவில்லை. அவரும்.
தணிகாசலம் என்பவர் வேறு யாரோ
என்கிறது எந்திரம்.

ஏழாம் வகுப்புக் கட்டுரைப் போட்டிக்காகக் கேட்டேன்:
எத்தனை பேரச் சுட்டீங்கப்பா?
ஒயர் இழுத்தேம்மா, என்றார்.
அவ்வளவுதான் யுத்தம்.
அரைப் பக்கம் எழுதி ஆறுதல் பரிசு வாங்கினேன்,
மூடி சேராத ஒரு சோப்பு டப்பா.

அதற்கு முன்பு அவர் எனக்கு வருஷத்துக்கு இரண்டு மாத மாமா.
அப்படித்தான் கூப்பிட்டேன்.
அம்மா அடித்துத் திருத்தினாள். அவர் திருத்தவில்லை.
பென்ஷனில் வந்திறங்கிய வாரமே
தன் கறுப்பு டிரங்குப் பெட்டியைப் போல
வீட்டிலுள்ள எல்லாவற்றிலும் வெள்ளை பெயின்ட்டில் பெயர், நம்பர்:
குடம், சைக்கிள், தம்பியின் கேரம் போர்டு,
அம்மாவின் தையல் மெஷின்.
"என் நெத்தியிலயும் எழுதிடுங்க" என்றாள் வேதவல்லி.
ஆனால் அந்த டிசம்பர் வெள்ளத்தில்
சைடிங் ரோடுவரை மிதந்துபோன எங்கள் குடங்களை
யார் யாரோ படித்துப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.
ஏழில் ஆறு.

மீதியைச் சொன்னவர் சோளிங்கர் எத்திராஜுலு,
என் கல்யாணத்தன்று, மண்டபத்து ஜெனரேட்டர் பக்கத்தில்,
கையில் கேன்டீன் ரம்மோடு.
ஒரே ராத்திரியில் பதினொரு முறை அறுந்த லைன்.
விளக்கில்லாமல், பாறையைத் தடவித் தடவிப் போய்
விரல் மரத்துவிட்டதால் பல்லால் உறையைக் கடித்து உரித்து
முறுக்கிச் சேர்த்தானாம் உங்கப்பன்.
(அந்த முன்பல் உடைசல்,
கரும்பு கடித்ததில் என்றுதான் எங்களுக்கு.)
எதிர்முனையில் ஒரு பையன்.
லைன் பே ரஹ்னா, என்றிருக்கிறான்.
இவர் இருந்திருக்கிறார்.
மூச்சு கேட்டதாம் ஒரு மணி நேரம்.
பிறகு ஒயர் மட்டும்.
விடிந்து வேறொருவர் வந்து பிடுங்கும்வரை
ரிசீவரை வைக்கவில்லையாம்.

எத்திராஜுலு மாமா, பந்திக்கு வாங்க, என்றேன்.
வேறென்ன சொல்வது.

எந்த அழைப்பையும் அப்பா முதலில் துண்டிப்பதில்லை.
கடன் அட்டை விற்கும் பெண்களே அலுத்து வைத்துவிடுவார்கள்.
ஒருநாள் திருப்பெரும்புதூர் ஷிஃப்டுக்குப் போகும்போது
கட் பண்ண மறந்து போனைப் பையில் போட்டுவிட்டேன்.
எடுத்துப் பார்த்தால் நாற்பத்தேழு நிமிடம், ஓடிக்கொண்டிருக்கிறது.
ஏம்ப்பா வைக்கல?
நீ வைக்கலையே.
கண்டக்டர் மீதி எட்டு ரூபா தரணும், வாங்கிட்டியா?

கடைசியில் கண்ணைப் படமெடுக்கும் கருவி வந்தது.
இமைக்காதீங்க சார்.
அவர் இமைக்கவில்லை.
போதும் சார், என்று அவள் சொன்ன பிறகும்.
பச்சை.
அடுத்த நவம்பர்வரை செல்லும்படி ஒரு துண்டுச் சீட்டு,
நான்காய் மடித்துச் சட்டைப் பைக்குள்.

வெளியே புங்கமர நிழலில் நின்று அம்மாவுக்குப் போன்.
முடிஞ்சுதா?
முடிஞ்சுது. இருக்கேன்.
அவள் எப்போதும்போல் வைக்காமல்
போனை ஃப்ரிட்ஜ் தலையில் கிடத்திவிட்டுப் போய்விட்டாள்.
அவரும் காதில் வைத்தபடி நிற்கிறார்.
ஆட்டோ வந்தது. கையசைத்து அனுப்பினார்.
இன்னொன்று வந்தது.
வெயில் செருப்புவரை ஏறியது.

திடீரென்று, தெருவே திரும்பிப் பார்க்க,
பழைய கரகரத்த லைனில் கத்துவதுபோல்:
வேதா, நாலு விசிலாச்சு,
அடுப்ப நிறுத்து!